மாவு என்று நினைத்தேன்

கண்ணு, புதன்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விட்டது என்று கத்தினேனே, அது போகவில்லை. நாலு கோடும் நிமிர்ந்து நின்றன. பெரியபாறை மேல் நின்றுகொண்டிருந்தேன். உன் குரல் பக்கத்து வரப்பில் நிற்கிறவன் குரல் போலத் தெளிவாகக் கேட்டது. கேட்டுக்கொண்டே, "அலோ, அலோ, கேக்கல சாமி, ஒண்ணுமே கேக்கல" என்று தொண்டை கிழியக் கத்தினேன். போனைக் காதிலிருந்து எடுத்து, கெட்டுப்போன ரேடியோவைத் தட்டுவதுபோல் உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினேன். பிறகு சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பினால், பாறைக்குக் கீழே ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு பாவாயி நிற்கிறாள். மேல்வீட்டு மருமகள்தான், உனக்குத் தெரியுமே, ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று அவளைக் கேட்டால் போதும். "ஏனுங்க மாமா, எம்போனுல சிக்னல் நல்லாத்தான நிக்குது, உங்களுக்கு மட்டும் எப்படிப் போச்சு?" என்றாள். "பழைய போனு புள்ள" என்றேன். "போன தீவாளிக்கு உங்க மவன் வாங்கி அனுப்புனதுதானுங்களே" என்றாள். அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. அறுபதை நெருங்குகிற ஆள் பாறையிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து சறுக்கி இறங்கியதை அவள் முழுசாக நின்று பார்த்தாள். வேட்டியின் பின்பக்கம் கிழிந்துபோன விஷயத்தை மறுநாள்தான் உங்கம்மா சொன்னாள். அதுவரை அப்படியேதான் ஊருக்குள் நடந்திருக்கிறேன்.

நீ கேட்டது பெரிய கேள்வி இல்லை. "லாரி போதும்ப்பா, நான் வந்துடட்டுமா?" என்றாய். "நம்ம காடும் மாமன் காடும் சும்மாதான கெடக்குது, ரெண்டையும் சேத்து மரவள்ளிக் குச்சி நட்டுப் பாக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க?" என்றாய். நாலு வருஷமாக ரிக் லாரியோடு எங்கெங்கோ போய், முகம் தெரியாதவர்கள் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போடுகிற பிள்ளை இப்படிக் கேட்டால், வா என்று சொல்ல ஒரு நொடி போதும். வராதே என்று சொல்லவும் ஒரு நொடி போதும். எனக்கு இரண்டும் வாயில் வரவில்லை. அதனால்தான் பாவம், சிக்னல் மேல் பழி விழுந்தது. வாயில் வராததைக் கையால் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதுவதும் எனக்கு லேசான காரியம் இல்லை. நான் எட்டாவது வரை படித்தவன், அதிலும் எட்டாவதை இரண்டு தடவை படித்தவன். கோழி சேற்றில் மிதித்துவிட்டுக் காகிதத்தில் ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் என் எழுத்து. நேற்றிலிருந்து நோட்டும் கையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு உங்கம்மா, "உங்கப்பன் எழுதுறதுல பாதி பொய்யி, மீதி எழுத்துப்பிழை, பாத்துப் படிச்சுக்கச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். இந்தத் தடவை பிழை மட்டும்தான் இருக்கும். எழுதி முடித்ததும் பாவாயி பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். படிக்காமல் அனுப்புகிறவள் இல்லை அவள். படிக்கட்டும். நீயும் தனியாகப் படித்துவிட்டு அழித்துவிடாதே. லாரியில் உன்னோடு இருக்கிற ஆறு பேரில் நாலு பேர் நம் ஊர்ப் பிள்ளைகள். மத்தியானம் சோறு தின்று முடித்ததும் எல்லாரையும் உட்கார வைத்து உரக்கப் படி. மற்றவர்கள் இருக்கிறார்களோ இல்லையோ, உன் மாமன் சடையனின் மகன் பழனி இருக்க வேண்டும். அவன் ஏதாவது வேலை என்று எழுந்து போனால் கையைப் பிடித்து உட்கார வை.

முதலில் ஊர் நிலவரம். போனில் நான் எப்போதும் "எல்லாம் நல்லாருக்குது சாமி" என்றுதான் சொல்லி வந்தேன். நீயும் அங்கிருந்து அதையே சொன்னாய். இரண்டு பேரும் நன்றாகவே நடித்தோம். நம் வடகாட்டை ரோட்டிலிருந்து பார்த்தால் இப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். கிட்டே போனால்தான் தெரியும், செடி முழங்காலுக்கு மேல் வளரவில்லை. நுனியெல்லாம் மூடின கைபோலச் சுருண்டு கிடக்கிறது. அதற்குள் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி. போன மாதம் ஒரு மூடு பிடுங்கினேன். பத்து மாதச் செடி, ஒரு ஆள் தூக்க முடியாத அளவுக்குக் கிழங்கு இருந்திருக்க வேண்டும். என் கட்டைவிரல் தடிமனில் மூன்று வேர் வந்தது. உங்கம்மா அதைக் கழுவி வேகவைத்தாள். எவ்வளவு நேரம் வெந்தும் நார்நாராகவே இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மென்று முழுங்கினோம். காட்டெருமைகூட முன்பெல்லாம் வேலியை மிதித்துக்கொண்டு உள்ளே வரும், கத்தி விரட்டுவோம். இப்போது ஓரத்தில் நின்று காட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. எருமைக்கே வேண்டாத காட்டைத்தான் நீ வந்து உழுகிறேன் என்கிறாய்.

கிழங்கு ஏற்றுகிற லாரி இந்த வருஷம் நம் ஊர் முனைக்கு வரவே இல்லை. மேல்வரிசையில் மூன்று வீட்டில்தான் விளக்கு எரிகிறது. மற்றவர்கள் குடகுப் பக்கம் காபித் தோட்டத்துக்கும், கேரளாவில் மிளகு பறிக்கவும், சேந்தமங்கலத்தில் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். முன்பும் போவார்கள், ஆனால் நோம்பிக்குத் திரும்புவார்கள். இந்தத் தடவை மாரியம்மன் நோம்பிக்குச் சாமி தூக்க எட்டு ஆள் சேரவில்லை. ஆறு பேர் தூக்கினோம். நான் பின்பக்கத்து வலது கட்டை. பாதி வழியில் முழங்கால் மடங்கிவிட்டது. அம்மன் ஒரு பக்கமாகச் சாய்ந்து என்னையே பார்த்தாள். எல்லாரும் எனக்கு வயசாகிவிட்டது என்றார்கள். வயசுதான் என்று நானும் சொல்லிவிட்டேன். என்னிடம் எது கேட்டாலும் சௌகரியமான பதில் ஒன்று தயாராக இருக்கும் கண்ணு, அதுதான் என் வியாதி. நீ அந்த வியாதியை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

இனிமேல்தான் விஷயம். உன் லாரியில் இருக்கிற மற்ற இரண்டு பேரும் மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர்கள், அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மரவள்ளிக்கு விதை கிடையாது. கிழங்கு பிடுங்கின பிறகு மிஞ்சுகிற தண்டை நிழலில் சாய்த்து வைத்திருந்து, மழை விழுந்ததும் சாண் சாணாக நறுக்கி நடுவோம். அதைத்தான் குச்சி என்போம். எங்கள் ஊரில் குச்சிக்கு விலை வைக்கிற பழக்கம் இல்லை. யார் வீட்டுக் குச்சி நன்றாக இருக்கிறதோ அங்கே போய் வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். கொடுக்கிறவன் எண்ணக் கூடாது, எடுக்கிறவன் கேட்கக் கூடாது. "குச்சிக்கு வந்தேன்" என்று வாசலில் நின்று சொன்னால் போதும். ஊரிலேயே நல்ல குச்சி என்னிடம்தான் இருக்கிறது என்று பத்துப் பேர் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. வேறு எதற்கும் நம் வாசலுக்கு யாரும் வந்ததில்லையே.

நீ லாரிக்குப் போன மறு வருஷம், வேறு வேலையாகக் கீழே போயிருந்தபோது ஒரு ஜவ்வரிசி ஆலை ஓரத்தில் அந்தக் காட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு செடியும் என் தலைக்கு மேல் ஒரு முழம். காட்டுக்காரர் அப்போதுதான் கிழங்கு பிடுங்கி முடித்து, தண்டை ரோட்டோரம் அடுக்கி வைத்திருந்தார். "எடுத்துக்குங்க, நான் எரிக்கத்தான் போறேன்" என்றார். நல்ல குச்சியை ஒருவன் ஏன் எரிக்கப் போகிறான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எட்டாவதை இரண்டு தடவை படித்த மூளைக்கு அது தோன்றவில்லை. கீழ்நாட்டுக்காரனுக்குக் குச்சியின் அருமை தெரியவில்லை என்று மனசுக்குள் சிரித்தேன். நாலு கட்டு கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர், "ஏனுங்க, வெறகுக்கு உங்க மலையில மரமில்லீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. வளைவு ஏற ஏற, பிறந்ததிலிருந்து இந்த மலையில் ஏறி இறங்குகிற நான், கடைசி சீட்டில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். ஒரு கை மட்டும் கட்டைப் பிடித்தபடியே இருந்தது. அதை விடவில்லை.

ஊர் முனையில் இறங்கியதும் உன் மாமன் சடையன் வந்தான். ஆளுக்கு இரண்டு கட்டு தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம். நம் களத்தில் இறக்கி வைத்துக் கட்டை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன். தண்டின் நுனியிலும் கணுவிலும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டேன், பிசுபிசுத்தது. ஜவ்வரிசி ஆலை ஓரம் போயிருப்பாய் நீ. சுவர், மரம், நாய், டீக்கடைப் பாத்திரம், எல்லாம் மாவு படிந்துதான் இருக்கும். அந்த மாவுதான் காற்றில் வந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, இல்லை. சடையனைக் கூப்பிட்டு, "பாத்தியா மாப்ள, கெழங்கு வைக்கிறதுக்கு முந்தியே மாவு வந்துருச்சு" என்று ஜோக் அடித்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப ஆலைக்காரன் நேரா இங்க வந்து குச்சியவே நக்கிட்டுப் போவான் மச்சான்" என்றான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே என் துண்டால் அதைத் துடைத்தோம். துடைத்துவிட்டு நறுக்கி நட்டோம். பூச்சிக்குப் பெயரே மாவுப்பூச்சி என்று பின்னால் விவசாய ஆபீசர் வந்து சொன்னபோது, சிரிப்பு வருவதா அழுகை வருவதா என்று தெரியாமல் எனக்கு விக்கல் வந்தது.

உங்கம்மா அன்றைக்கே வேண்டாம் என்றாள். பூச்சி தெரிந்து சொல்லவில்லை. அந்தப் புதுக் குச்சிக்கு இடம் வேண்டும் என்று அவள் சாமை விதைக்கிற கீழ்க்காட்டைக் கேட்டேன், அதனால் சொன்னாள். "ரேஷன்ல அரிசி போடுறான், சாமைய எவன் குத்துறது" என்றேன். "குத்துறது நானு, உங்களுக்கென்ன கை வலி?" என்றாள். உடனே அவளைப் பட்டிக்காட்டுக்காரி என்று திட்டினேன். நான் என்னவோ மெட்ராஸில் பிறந்தவன் மாதிரி. கடைசியில் பாறை ஓரத்தில் ஒரு துண்டு இடத்தை மட்டும் அவள் விடவில்லை. இன்றைக்கு நாங்கள் தின்பது அந்தத் துண்டில் விளைந்ததைத்தான். பரிமாறும்போது ஒரு வார்த்தை சொல்லிக் காட்டமாட்டாள், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று மட்டும் கேட்பாள். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் கிடையாது. உனக்கு நாளைக்கு ஒருத்தி வந்து ஒரு துண்டு நிலத்தைத் தன் இஷ்டத்துக்கு விடச் சொன்னால் காரணம் கேட்காமல் விட்டுவிடு.

அந்த முதல் வருஷம் மழை விடாமல் அடித்தது. மழையில் அந்தப் பூச்சி கழுவிக்கொண்டு போகுமாம், அடங்கிக் கிடக்குமாம். அதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும். நம் காட்டிலும் சடையன் காட்டிலும் செடி மதம் பிடித்த மாதிரி வளர்ந்தது. பிடுங்கின கிழங்கைப் பார்க்க ஊரே வந்தது. நான் ஆசைப்பட்ட மாதிரியே வாசலில் வந்து நின்றார்கள். "குச்சிக்கு வந்தேனுங்க அண்ணா", "குச்சிக்கு வந்தேன் மாமா", "சித்தப்பா, குச்சிக்கு". நானே அவரவர் தோளுக்குத் தூக்கிவிட்டேன். அண்ணன் குச்சி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு வீடு விடாமல் போயிற்று. பாவாயி வீட்டுக்குப் போயிற்று. ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போயிற்று. கணவன் செத்துப்போய் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருக்கிறாளே ஓடை வீட்டு லட்சுமி, அவள் கேட்க வெட்கப்படுவாள் என்று நானே சுமந்துகொண்டு போய்ப் போட்டேன். அந்தப் பெருமையில் அந்த வருஷம் நெஞ்சு நிமிர்ந்து நடந்ததில் எனக்கு முதுகு வலியே போய்விட்டது. கொடுக்க மனசில்லாத ஊராக இருந்திருந்தால் பாதிக் காடாவது தப்பியிருக்கும்.

அடுத்த வருஷம் மழை இல்லை. மாசி மாதம் ஒரு காலை நுனியில் அந்த வெள்ளையை மறுபடி பார்த்தேன். இங்கே ஆலையும் இல்லை, மாவும் இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அந்த நிமிஷம் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, துண்டால் துடைத்தேன். செடி செடியாகத் துடைத்துக்கொண்டே போனேன். ஒரு வரிசை முடித்துத் திரும்பிப் பார்த்தால் காடு முழுக்க இருக்கிறது. ஒரு மாதத்தில் ஊர் முழுக்க இருந்தது. எறும்பு அதை முதுகில் சுமந்துகொண்டு வேலி தாண்டிப் போயிற்று. சாம்பல் போட்டார்கள், வேப்பெண்ணெய் அடித்தார்கள், கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்தார்கள். லட்சுமி தன் இரண்டு பெண்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு நுனியாகக் கிள்ளிச் சட்டியில் போட்டு எரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஏனுங்கண்ணா, உங்க காட்டுலயும் வந்துருச்சாமா, அய்யோ பாவம்" என்றாள். எனக்குப் பாவம் பார்த்தாள் கண்ணு அவள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா புள்ள" என்றேன்.

உன் மாமன் போன கதையை உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. காபித் தோட்டத்தில் நல்ல வேலை கிடைத்துப் போனான் என்று சொன்னேன். பழனிக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். உன் மாமன் முதல் கட்டிலேயே நட்டவன், அதனால் அவன் காடுதான் முதலில் படுத்தது. ஐப்பசியில் ஒரு நாள் காலை, பாத்திரத்தையும் பாயையும் சாக்கில் கட்டிக்கொண்டு, அத்தையும் அவனும் ஊர் முனைக்குப் போனார்கள். நான் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். பஸ் வர நேரம் இருந்தது. நான் வழக்கம்போல வாய் ஓயாமல் பேசினேன். குடகில் குளிராம், அட்டை கடிக்குமாம், அங்கே பன்றிக்கறி நன்றாக இருக்குமாம் என்று என்னென்னவோ. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பஸ் சத்தம் கேட்டதும் சாக்கைத் தூக்கிக்கொண்டு, "மச்சான், நல்ல குச்சியா ஒரு பத்து எனக்கு எடுத்து வெச்சிருங்க, வந்தா நடணும்" என்றான். சரி என்று தலையாட்டினேன். படியில் ஏறினவன் திரும்பினான். யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாகச் சொன்னான்: "அது மாவுன்னுதான் மச்சான் நானும் நெனச்சேன்."

அவ்வளவுதான், பஸ் எடுத்துவிட்டது. பூச்சி எங்கள் கட்டில்தான் வந்தது என்று, அது காட்டில் தெரிந்த நாளிலிருந்தே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஊரில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் அதுவரை சொல்லவில்லை. போகும்போதுகூட என்னைக் குத்தம் சொல்லாமல், பாதியைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு போனான், அன்றைக்குக் கட்டைத் தூக்கின மாதிரி. பழனி, இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்றால், உன் அப்பன் மேல் இதில் ஒரு தப்பும் இல்லை. பார்த்தவன் நான், கொண்டு வந்தவன் நான், துடைக்கத் துண்டு கொடுத்தவனும் நான். அவன் என் ஜோக்குக்குச் சிரித்தான், அது ஒன்றுதான் அவன் செய்தது. என் ஜோக்குக்குச் சிரிக்கிற ஆள் இப்போது ஊரில் யாரும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நீ போன் பண்ணியதற்கு மூன்று நாள் முன்பு. கூட்டம் என்று பெயர், பாதிப் பேர் பெண்கள், மீதிப் பேர் என்னை மாதிரி. முந்தின வாரம் வந்த ஆபீசர், இருக்கிற குச்சி முழுவதையும் எரித்துவிட்டு, ஒரு போகம் சும்மா விட்டு, அப்புறம் வெளியிலிருந்து சுத்தமான குச்சி கொண்டுவந்து நடச் சொல்லியிருந்தார். வெளியே எங்கெங்கு நல்ல குச்சி இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போகும்போது, "பூச்சி எப்படி இங்க வந்துச்சுன்னு தெரிஞ்சா நல்லது, இல்லேன்னா மறுபடியும் அதே வழியாத்தான் வரும்" என்றும் சொன்னார். அந்த வார்த்தையை நான் எட்டு நாளாக மென்றுகொண்டிருந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். ஆட்டுக்குப் போகும்போதும் விறகுக்குப் போகும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பிழை இல்லாமல் வந்தது.

ஊர்க்கவுண்டர் பேச ஆரம்பித்தார். "எப்படி வந்துச்சு எப்படி வந்துச்சுன்னு ஆளாளுக்கு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க வேண்டாம். காத்துல வந்துச்சு. காத்த எவன் கட்டி வெக்கிறது? யாரு மேலயும் குத்தமில்ல" என்றார். எல்லாரும் ஆமாங்க ஆமாங்க என்றார்கள். லட்சுமியும் ஆமாங்க என்றாள். "செரி, புதுக் குச்சிய யாரு போய்ப் பாத்து எடுத்தாரது?" என்று அவர் கேட்டதும், பாவாயியின் மாமனார் எழுந்து, "வேற யாருங்க, நம்ம அண்ணந்தான். குச்சி பாக்கறதுல அவருக்கு இருக்குற கண்ணு இந்த நாட்டுலயே ஒருத்தனுக்கும் கெடையாது" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஒருத்தர் முகத்திலும் கேலி இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். வெற்றிலைத் தட்டை என் முன்னால் கொண்டுவந்து நீட்டினார்கள். அதை எடுத்துக்கொண்டால் ஊர் வேலையை ஒத்துக்கொண்டதாக அர்த்தம், உனக்குத் தெரியும். நான் எழுந்து நின்றேன். துண்டை இடுப்பில் கட்டினேன். வாயைத் திறந்தேன். "சரிங்க" என்றேன். வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். அது இன்னும் என் சட்டைப் பையில்தான் காய்ந்துகொண்டிருக்கிறது, போட மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் நீ, வந்துடட்டுமா என்று கேட்கிறாய். வா என்றால் நான் கொண்டுவரப்போகிற குச்சியைத்தான் நீ நட வேண்டும். உன் மாமனைக் கிளப்பிவிட்ட காட்டில்தான் நீ ஏர் பிடிக்க வேண்டும். கூட நிற்கிறவர்கள் எல்லாரும் உன்னை நல்லவன் மகன் என்று சொல்லுவார்கள், அதை நீ நம்பிவிடுவாய். வராதே என்றால், என் பொய் மறைந்து கிடக்க என் பிள்ளையை ஊர் ஊராக அலையவிட்டவன் ஆகிவிடுவேன். உங்கம்மா உன் துணிப்பெட்டியைத் தினமும் திறந்து, பூச்சி அரிக்கிறதா என்று பார்த்து மூடுகிறாள். இந்த மண் இனிமேல் தேறும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை கண்ணு. ஒரு போகம் விட்டால் தேறும் என்று ஆபீசர் சொன்னார், அவர் படித்தவர், அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு போகம் சும்மா இருந்து பார்க்க இந்த ஊரில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று அவர் சொல்லவில்லை. நீ வருவதும் வராததும், இதை உரக்கப் படித்து, அந்தப் பிள்ளைகள் உன் முகத்தைப் பார்த்த பிறகு நீயே எடுக்க வேண்டிய முடிவு. அவர்களில் ஒருத்தன் இதற்கப்புறம் உன் தட்டில் கை வைத்துச் சோறு தின்னமாட்டேன் என்றால் கோபித்துக்கொள்ளாதே, அவன் கோபம் எனக்கு வர வேண்டியது.

பாவாயி நாளை காலை வருகிறேன் என்றிருக்கிறாள். அவள் இதைப் படித்து முடிக்கிற நேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். யார் வாசலுக்கு வந்து என்ன கேட்டாலும் நான் எங்கேயும் ஓடப்போவதில்லை, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடவும் முடியாது. ஆனால் நானாக வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்ற அந்தக் கூட்டத்தில், எட்டு நாள் மனப்பாடம் பண்ணி, பிழை இல்லாமல் வைத்துக்கொண்டு, நான் சொல்லாமல் முழுங்கியது இதுதான்:

"காத்துல வரலீங்க. என் தோள்ல வந்துச்சு. கண்ணால பாத்தேன், தொடைச்சுட்டு உங்களுக்குக் குடுத்தேன்."